புஜியானும் கேமரன் மலையும்: தேயிலை வந்த வழி

மலேசியாவில் வாழும் தமிழர் எவர்க்கும் 'ஹொக்கியான்' என்னும் சொல் புதியதன்று. சந்தையிலும் உணவங்காடியிலும் அதைக் கேட்டே வளர்கிறோம். அது சீனத்தின் தென்கிழக்குக் கடற்கரையில் அமைந்த ஒரு மாநிலத்தின் பெயர் என்பதும், சீன அரசு மொழியில் 'புஜியான்' என ஒலிக்கப்படுவதையே அம்மாநிலத்தின் தென்பகுதியார் தம் நாவில் 'ஹொக்கியான்' என ஒலிக்கின்றனர் என்பதும் வகுப்பறையில் அரிதாகவே பேசப்படுகின்றன. அம்மாநிலத்தின் நிலம், பொருளியல், வரலாறு ஆகியவற்றை இப்பொழிவில் காண முற்படுகிறோம். பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் நின்று அதனைக் காண்பதற்குக் காரணம் உண்டு. இம்மலையில் தமிழர் பறித்த இலையும், அந்த இலைக்குத் தமிழர் வழங்கும் பெயரும் புஜியானோடு தொடர்புடையவை. அத்தொடர்பை அறிந்தால்தான் இம்மலையில் நம் முன்னோர் பெற்ற இடம் எத்தகையது என்பது விளங்கும்.

முதலில் நிலம். புஜியான் தமிழ்நாட்டைவிடச் சற்றே சிறிய பரப்புடையது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நான்கு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்வது. மேற்கே ஜியாங்சி மாநிலத்துக்கும் அதற்கும் எல்லையாக வூயி மலைத்தொடர் நிற்கிறது. அதன் உயர்ந்த சிகரம் 2,150 மீட்டருக்கும் மேல். கிழக்கே தைவான் நீரிணை. இடைப்பட்ட நிலம் பெரும்பாலும் குன்றும் பள்ளத்தாக்குமே. பத்தில் எட்டுப் பங்கு மலை, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு வயல் என்று அந்நாட்டார் தம் நிலத்தைக் கணக்கிட்டுச் சொல்வர். இக்கணக்கு மிகையன்று. உழுவதற்கு நிலம் குறைந்த நாட்டில் மக்கள் செய்யக்கூடியவை இரண்டே: மலைச்சரிவில் விளையக்கூடியதை விளைத்தல், கடலுக்குள் செல்லுதல். புஜியானின் பொருளியல் வரலாற்றை இவ்விரண்டுக்குள் அடக்கிவிடலாம்.

அம்மாநிலத்தின் பேராறு 'மின்' எனப்படும். தமிழில் அச்சொல்லுக்குள்ள பொருளை இங்கே மறந்துவிட வேண்டும். அது அந்நிலத்தின் தொன்மையான பெயர். இன்றும் புஜியானுக்குரிய ஓரெழுத்துக் குறியீடு அதுவே. வூயி மலைப்பகுதியில் தோன்றும் ஆறுகள் நான்பிங் என்னும் ஊரில் ஒன்றுகூடி மின் ஆறாகித் தென்கிழக்கே ஓடித் தலைநகராகிய புசௌ நகரைத் தழுவிக் கடலில் கலக்கின்றன. அதன் நீளம் 500 கிலோமீட்டருக்கு மேல். மேற்பகுதியில் பாறைகளும் விரைநீரும் மிகுதி. ஆயினும் மலைநாட்டின் மரமும் தாளும் தேயிலையும் படகேறிக் கடற்கரை சேர அதைவிட எளிய வழி இருந்ததில்லை.

மலைகள் வழியைத் தடுத்தன. அதனால் மொழியைக் காத்தன. சீன மொழிக் குடும்பத்தில் மின் கிளைமொழிகள் மிகப் பழங்காலத்திலேயே பிரிந்தவை. ஏனைய கிளைகளில் மாறிப்போன பழைய ஒலிகள் சில இங்கு எஞ்சின. ஒரு பள்ளத்தாக்கின் பேச்சு அடுத்த பள்ளத்தாக்கினர்க்கு விளங்காது என்னும் அளவுக்கு அவை தமக்குள்ளும் வேறுபட்டன. இதன் பயன் நம் தலைப்புக்கு நெருக்கமானது. தேயிலைக்குச் சீனத்தில் எழுத்து ஒன்றே. வடக்கிலும் காண்டனிலும் அதைச் 'சா' என்று படிப்பர். புஜியானின் தென்கடற்கரையில் பழைய தகர ஒலி மாறாமல் நின்றது. அங்கே அது 'தே'. உலக மொழிகளுள் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றையே பெற்றுள்ளன. நிலவழியே பெற்ற பாரசீகரும் உருசியரும், மக்காவில் பெற்ற போர்த்துகீசியரும் 'சா'வின் வழியினர். புஜியான் கப்பல்களோடு வணிகம் செய்த மலாயரும் ஒல்லாந்தரும் 'தே'யின் வழியினர். ஆங்கிலேயரும் பிரெஞ்சியரும் அவரைப் பின்பற்றினர். தமிழ் எந்த வழி என்பதைப் பின்னர் ஆராய்வோம்.

கடலுக்குச் சென்ற வரலாற்றில் தமிழர்க்கு நேரடியான இடம் உண்டு. புஜியானின் குவான்சௌ துறைமுகம், சொங் அரசு 1087இல் அங்கே கடல்வணிக அலுவலகத்தை நிறுவிய பின்னர்ப் பெருவளர்ச்சி கண்டது. மார்க்கோ போலோவும் இபுன் பதூதாவும் வியந்து எழுதிய 'சைத்தூன்' இதுவே. இந்நகரில் கிடைத்த ஒரு கல்வெட்டு தமிழில் உள்ளது. சக ஆண்டு 1203 எனத் தன் காலத்தைத் தானே கூறுகிறது, அதாவது கி.பி. 1281. சம்பந்தப் பெருமாள் என்பார், சீனத்தை ஆண்ட மங்கோலியக் கானின் ஆணை பெற்று, அவர் உடல்நலம் வேண்டிச் சிவபெருமானை எழுந்தருளுவித்த செய்தியை அது தருகிறது. இறுதியில் சீன எழுத்துகளும் உள்ளன. நகரின் கையுவான் பௌத்தக் கோயிலில் இன்றும் நிற்கும் தூண்கள் சிலவற்றில் இந்துச் சிற்பங்களைக் காணலாம். சோழர் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சொங் அவைக்குச் சென்றதையும், தமிழ், சீனம், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்டு 1409ஆம் ஆண்டைக் காட்டும் கல் இலங்கையின் காலியில் கிடைத்ததையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். அக்கல்லைக் கொணர்ந்த செங் ஹோவின் கப்பல்கள் மின் ஆற்று முகத்துவாரத்தில் கூடிப் பருவக்காற்றுக்குக் காத்திருந்தே புறப்பட்டன.

இச்சான்றுகளை நாம் பெருமையோடு எடுத்துரைக்கிறோம், அது தவறன்று. ஆனால் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. 1281இல் குவான்சௌவில் தமிழர் தம் கோயிலில் தம் எழுத்தில் தம் பெயரைப் பொறித்துக்கொண்டனர். அவர் வணிகர், கப்பலும் பொருளும் உடையவர். தேயிலையின் பொருட்டு இருபதாம் நூற்றாண்டில் கேமரன் மலைக்கு ஏறிய தமிழர்க்கு அவ்வாறு பெயர் பொறித்த கல் கிடைக்கவில்லை. இவ்விரண்டுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதே இனிக் காணவேண்டிய கதை.

வூயி மலையின் தேயிலை பழம்புகழ் உடையது. சொங் காலத்தில் மின் ஆற்றின் மேற்பகுதியிலுள்ள பெய்யுவான் தோட்டங்கள் அரசவைக்குத் தேயிலை அனுப்பின. அக்காலத்துப் பேரரசர் ஹுய்சொங் தாமே தேயிலை பற்றி நூல் எழுதினார். அங்குச் சுடப்பட்ட கருநிறக் கிண்ணங்கள் சப்பான் வரை சென்றன. பின்னாளில், இலையை வாட்டி, உருட்டி, காற்றில் கருக்கவிட்டு, அடுப்பில் உலர்த்தும் முறை இம்மலையில் உருவாயிற்று. நாம் இன்று அருந்தும் கறுந்தேயிலைக்கு மூலமான முறை இதுவே. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியர் விரும்பி வாங்கியது இதனையே. வூயி என்னும் பெயரைப் புஜியான் தென்பகுதியார் 'பூயி' என ஒலிப்பர். அவ்வொலியைக் கேட்டு ஆங்கிலேயர் அம்மலைத் தேயிலையைப் 'போஹி' என்றனர். இச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு மாணவரைக் கேட்டுக்கொள்கிறோம். பகாங்கில் அது மீண்டும் வரும்.

விளைந்தது மலையில்; விலை கிடைத்தது துறைமுகத்தில். இடையே இருந்த வழி யார் கையில் இருந்தது என்பதே பொருளியலின் முதற்கேள்வி. 1757இல் சிங் அரசு, மேலைநாட்டினர் காண்டன் துறையில் மட்டுமே வணிகம் செய்யலாம் என வரையறுத்தது. அதனால் வூயித் தேயிலை தன் அருகில் ஓடிய மின் ஆற்றில் இறங்கிப் புசௌ சேராமல், சுமையாளரின் தோளேறி மலைத்தொடரைக் கடந்து, ஜியாங்சியின் ஆறுகளில் படகேறி, மீண்டும் ஒரு மலைக் கணவாயைத் தாண்டி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்றிக் காண்டன் அடைந்தது. கடல் சில நாள் தொலைவில் இருக்க, இலை பல வாரம் நடந்தது. ஒவ்வொரு மாற்றிடத்திலும் ஒருவர் கூலி பெற்றார், ஒருவர் தரகு பெற்றார், ஒருவர் வரி பெற்றார்.

முதல் அபினிப் போருக்குப் பின் 1842இல் நான்கிங் உடன்படிக்கை புசௌவையும் அமோயையும் திறந்துவிட்டது. ஆயினும் தேயிலை உடனே ஆற்றில் இறங்கவில்லை. பழைய வழியில் பிழைத்த தரகர்கள் அதை எளிதில் விட்டுக்கொடுப்பாரா? 1853இல் தைப்பிங் கலகம் ஜியாங்சி வழியை அடைத்தபோதுதான் அமெரிக்க நிறுவனமொன்று தன் ஆள்களை வூயிக்கு அனுப்பி, தேயிலையை வாங்கி, மின் ஆற்றின் வழியே புசௌவுக்குக் கொணர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே புசௌ உலகின் பெருந்தேயிலைத் துறைகளுள் ஒன்றாயிற்று. 1866 மே இறுதியில் அந்த ஆற்றுமுகத்தினின்று புறப்பட்ட விரைவுப் பாய்மரக் கப்பல்கள் புதுத் தேயிலையோடு இலண்டனுக்குப் போட்டியிட்டு ஓடின. தென்சீனக் கடல் வழியாகச் சுந்தா நீரிணையைக் கடந்து ஆப்பிரிக்காவைச் சுற்றி 99 நாளில் 'தைப்பிங்', 'ஏரியல்' என்னும் இரு கப்பல்கள் ஒரே அலையேற்றத்தில் தேம்சு ஆற்றை அடைந்தன. ஒன்று மற்றொன்றைவிட 28 நிமிடமே முந்தியது. இலண்டன் மக்கள் இதன் மீது பந்தயம் கட்டினர். வூயிச் சரிவில் இலை பறித்தவர் யார் என்று எவரும் கேட்டிலர். அவருள் பலர் ஜியாங்சியினின்று பருவத்துக்கு மட்டும் வந்து சென்ற ஏழைத் தொழிலாளர்.

அப்பொழுதே புசௌவின் வீழ்ச்சிக்கு விதை ஊன்றப்பட்டிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1848இல் சீனம் சென்ற இராபர்ட் பார்ச்சூன் என்னும் தாவரவியலார், சீன உடையில் மறைந்து திரிந்து, வூயி மலைக்கும் சென்று, ஆயிரக்கணக்கான தேயிலைக் கன்றுகளையும் விதைகளையும் கைவல்ல தொழிலாளரையும் இமயச் சாரலுக்கு அனுப்பினார். பச்சைத் தேயிலையும் கறுந்தேயிலையும் வெவ்வேறு செடிகளல்ல, ஒரே செடியின் இலையை இருவேறு முறையில் பதப்படுத்தியவையே என ஐரோப்பியர்க்குத் தெளிவாக்கியவரும் அவரே. அசாமின் காடுகளில் அதே செடியின் பேரிலை வகை தானே வளர்ந்திருப்பது அதற்கு முன்பே அறியப்பட்டிருந்தது. இலங்கையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். காப்பிச் செடியை நோய் அழித்தபின் மலையகம் முழுதும் தேயிலையாயிற்று. அங்குக் கொழுந்து பறித்தவர் தமிழகத்திலிருந்து வந்த தமிழர் என்பது நாம் நன்கறிந்த வரலாறு. சீனத் தேயிலை ஏற்றுமதி 1886இல் உச்சத்தைத் தொட்டுப் பின் சரிந்தது. வூயியின் சிறுகுடியானவர் தம் துண்டு நிலத்தில் பறித்துத் தம் வீட்டில் வாட்டிய இலை, ஆயிரம் ஏக்கர்த் தோட்டமும் நீராவிப் பொறியும் கட்டுக்கூலித் தொழிலாளரும் சேர்ந்து தந்த இலையின் விலைக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. சீனத்தாரின் செடி சீனத்தாரை வென்றது என்று சிலர் எழுதுவர். செடி யாரையும் வெல்லவில்லை, வென்றது தோட்டமுறை. அதன் அடித்தளம் தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து திரட்டப்பட்ட மலிந்த உழைப்பு. இதை மறைத்துத் தேயிலையின் வரலாற்றை எழுத இயலாது.

இனிக் கேமரன் மலை. பகாங், தீபகற்பத்தின் மிகப் பெரிய மாநிலம். அதுவும் ஓர் ஆற்றின் பெயரால் வழங்கும் நாடு. தித்திவாங்சா மலைத்தொடரில் அமைந்த கேமரன் மலையின் தெலோம், பெர்த்தாம் ஆறுகள் ஜெலாயில் கலக்கின்றன. ஜெலாயும் தெம்பெலிங்கும் கூடிப் பகாங் ஆறாகிப் பெக்கான் அருகே தென்சீனக் கடலை அடைகின்றன. மின் ஆற்றைப் போலவே பகாங் ஆறும் நெடுங்காலம் அந்நாட்டின் பெருவழி. தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. பிரிஞ்சாங் மலை 2,000 மீட்டரைக் கடக்கிறது. ஆண்டு முழுதும் மழை. பகலில் இளஞ்சூடு, இரவில் குளிர். செமாய்ப் பழங்குடியினரின் வாழிடமாகிய இதனை 1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டு எழுதினார். அவர் பெயர் மலைக்கு நிலைத்தது. அவரோடு காட்டு வழி நடந்தவர் பெயர் நிலைக்கவில்லை. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்தபின், மலைவாழிடம் அமைக்கும் திட்டம் உருப்பெற்றது. அடுத்த ஆண்டு தாப்பாவினின்று சாலை வெட்டும் பணி தொடங்கி, 1931ஆம் ஆண்டளவில் முடிவுற்றது.

இங்கே புஜியானோடு ஒரு வேறுபாட்டைக் காண்கிறோம். வூயித் தேயிலைக்கு ஆறு வழியாயிற்று. கேமரன் தேயிலை பகாங் ஆற்றில் ஒருநாளும் இறங்கவில்லை. மலை பகாங்குக்கு உரியது. வழியோ பேராக்குக்கு உரியது. தாப்பாச் சாலையில் இறங்கி, மேற்குக் கரை இருப்புப்பாதையைச் சேர்ந்து, மலாக்கா நீரிணைத் துறைகளை நோக்கியே இத்தேயிலை சென்றது. இன்றும் மாணவர் பலர் கேமரன் மலை பேராக்கில் உள்ளது என எண்ணுவதற்கு அச்சாலையே காரணம்.

1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் இரசல் என்பவர், இலங்கையில் தோட்டப் பட்டறிவு பெற்ற ஏ.பி. மில்ன் என்பவருடன் சேர்ந்து, ஹாபு அருகே 'போ' தோட்டத்தைத் தொடங்கினார். இரசல் சிறுவயதிலேயே மலாயாவுக்கு வந்தவர்; மலாயும் சீனக் கிளைமொழிகளும் பேச வல்லவர். 'போ' என்பதை 'மலைநாட்டில் சிறந்தது' என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளாக மக்கள் விரிப்பர். ஆனால் அது 'போஹி'யின் சுருக்கம், அதாவது வூயி மலையின் ஹொக்கியான் பெயர், என்னும் விளக்கமே நமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. சீனமறிந்த ஒருவர் தேயிலைத் தோட்டத்துக்கு அப்பெயரைத் தேர்ந்தெடுப்பது இயல்பு. அவ்வாறாயின் புஜியானின் மலைப்பெயர் பகாங்கின் மலையில் தமிழர் குடியிருந்த தோட்டத்துக்கு வந்து அமர்ந்தது என்றாகிறது. 1933இல் இரசல் மறைந்தார். அதே ஆண்டில் இந்தியக் குடும்பமொன்று தொடங்கிய பாரத் தேயிலைத் தோட்டமும் இன்றளவும் நிற்கிறது.

தோட்டம் தொடங்கிய காலத்தைக் கவனிக்க வேண்டும். 1929 உலகப் பொருளியல் வீழ்ச்சியின் ஆண்டு. இரப்பர் விலை சரிந்து, தாழ்நிலத் தோட்டங்களிலிருந்து தமிழர் கூட்டங்கூட்டமாக ஊருக்கு அனுப்பப்பட்டனர். கங்காணி முறை ஆள்சேர்ப்பும் தளர்ந்தது. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடைசெய்தது. ஆகவே இம்மலைக்குத் தமிழர் வந்த வாயில் குறுகியது; ஊரிலிருந்து நேரே வந்தவரோடு, தாழ்நிலத்தில் பால்மரம் சீவிப் பழகி மலையேறியவரும் பலர் இருந்தனர் எனக் கொள்ளலாம். வெயிலுக்குப் பழகிய உடல் மூடுபனியில் நின்று வேலை செய்தது.

வூயியில் குளிர்காலத்தில் செடி உறங்கும். பறிப்போர் பருவத்துக்கு வந்து பருவத்தோடு போவர். கேமரன் மலையில் செடிக்கு உறக்கமில்லை. ஒரு பாத்தியில் இரண்டிலையும் மொட்டுமாகக் கொழுந்தெடுத்தால் ஏறத்தாழ மூன்று வாரத்தில் அது மீண்டும் துளிர்த்து நிற்கும். எனவே தொழிலாளரும் ஆண்டு முழுதும் அங்கேயே இருந்தாக வேண்டும். இருப்பதற்கு லயம் வேண்டும். லயத்தில் குடும்பம் உண்டாகும். குடும்பத்தில் பிள்ளைகள் பிறப்பர். பிள்ளைகட்குப் பள்ளியும் பெரியவர்க்குக் கோயிலும் வேண்டும். போ தோட்டத்திலும், சுங்கை பாலாசிலும், புளூ வேலியிலும் தமிழ்ப்பள்ளிகள் எழுந்தமைக்கு அடிப்படை தட்பவெப்பமே என்று சொன்னால் வியப்பாக இருக்கும், உண்மை அதுவே. பருவ விளைச்சல் நாடோடியை உண்டாக்கும். தொடர் விளைச்சல் ஊரை உண்டாக்கும். இம்மாவட்டத்தின் தமிழ்ப்பள்ளிகளுள் ஒன்று 'ஷும் யிப் லியோங் தோட்டத் தமிழ்ப்பள்ளி' எனப் பெயர் கொண்டது. சீனப் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி! இம்மலையின் பொருளியல் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக எவரும் எழுத முடியாது.

காலம் மாறிற்று. கையால் கிள்ளிய கொழுந்தைக் கத்தரி வெட்டத் தொடங்கிற்று. பின்னர் இருவர் தூக்கிச் செல்லும் பொறி வந்தது. தமிழர் பிள்ளைகள் கல்வி பெற்று மலையிறங்கினர். சிலர் இங்கேயே கடையும் வண்டியும் காய்கறி நிலமும் உடையவராயினர். இன்று சரிவுகளில் நிற்போர் பெரும்பாலும் வங்காளதேசத்தார், நேப்பாளியர், இந்தோனேசியர். பள்ளத்தாக்குகளைச் சீனரின் காய்கறித் தோட்டங்களும் பூந்தோட்டங்களும் நெகிழிக் கூரைகளால் மூடியுள்ளன. மண் கரைந்து ஆற்றில் சேர்கிறது. 1963இல் கட்டிமுடிக்கப்பட்ட ரிங்லெட் அணை தெலோம், பெர்த்தாம் நீரைத் தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே பேராக்குப் பக்கத்து மின்நிலையத்துக்கு அனுப்புகிறது. தேயிலையைத் தொடர்ந்து நீரும் மேற்கே திரும்பியது என்னலாம். அந்த நீர்த்தேக்கத்தில் மண் நிரம்பிக்கொண்டே வருகிறது. 2013 அக்டோபரில் அணை நீர் திறக்கப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் பாய்ந்து உயிர்களைக் கொண்டுசென்றது. மலைச்சரிவை உழுவோர் எந்நாட்டவராயினும் மண்ணின் கணக்கு ஒன்றே. மக்கள் பெருகி மேட்டுநிலக் காடுகள் அழிந்த நூற்றாண்டுகளில் சீனத்துத் தென்பகுதி மலைநாடுகளும் இதனைக் கண்டன. இன்று புஜியான் சீனத்திலேயே காட்டுப்பரப்பு விகிதம் மிக உயர்ந்த மாநிலம் என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

சம்பந்தப் பெருமாளுக்குக் கல் உண்டு. கொழுந்து பறித்த நம் பாட்டியர்க்கு இல்லை என்றோம். அவர்க்கு எஞ்சியவை சொற்கள். கங்காணி, கிராணி, மண்டோர், லயம், பிரட்டு, கொழுந்து, துரை ஆகிய ஒவ்வொன்றும் ஓர் அதிகார அடுக்கின் படி. இவற்றுள் தமிழ் சில, போர்த்துகீசியம் மலாயின் வழி வந்தது ஒன்று, ஆங்கிலம் திரிந்தது ஒன்று. இவற்றை வாழ்ந்து பேசிய தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. ஒரு பள்ளி மாணவர், தம் வீட்டு முதியவரிடம் கேட்டு இருபது சொற்களைப் பொருளோடு எழுதிவைத்தால் அது ஆவணக் காப்பகத்தில் கிடைக்காத ஆவணம். தோட்டக் கணக்கேடு எத்தனை இராத்தல் கொழுந்து என்று சொல்லும். பிரட்டுக்குப் பிந்தியவர்க்கு என்ன நேர்ந்தது என்று சொல்லாது.

இவ்வரிசையில் 'கூலி' என்னும் சொல் தனித்து ஆராயத்தக்கது. உழைப்புக்குரிய ஊதியம் என்பதே தமிழில் அதன் பொருள். ஐரோப்பியர் வாயில் அது உழைப்பவரையே குறிக்கும் சொல்லாயிற்று. குஜராத்தின் 'கோலி' இனப்பெயரினின்று தோன்றியது என்பாரும் உளர். தமிழ்ச் சொல்லும் அதனோடு கலந்தது என்பதை மறுப்பவர் குறைவு. புஜியான் துறைகளிலிருந்து ஆள்களை ஏற்றிச்சென்ற கப்பல்களோடு இச்சொல் சீனம் சென்றது. சீனர் அதை 'குலி' என ஒலித்து, இரண்டு எழுத்துகளால் எழுதினர். முதலெழுத்தின் பொருள் கசப்பு. இரண்டாவதன் பொருள் வலிமை.

அவர் நமக்குத் தந்த சொல் 'தே'. 'தேயிலை' என்பதனைத் 'தேய்த்த இலை' எனப் பிரித்துப் பொருள் கூறுவாரைக் கண்டிருக்கிறோம். இலையை உருட்டித் தேய்ப்பது உண்மையாதலால் இவ்விளக்கம் கவர்ச்சியாக உள்ளது, புணர்ச்சியும் இடங்கொடுக்கிறது. ஆயின் 'தேநீர்' என்னும் சொல்லில் யகரம் இல்லை. தே + இலை என்பதில் யகரம் உடம்படுமெய்யாக வந்ததே. ஏகாரத்தின் முன் யகரம், வகரம் இரண்டும் வரலாம் என்பது நன்னூல் கற்பித்தவர் அறிந்த விதி. தெய்வத்தைக் குறிக்கும் 'தே' என்னும் ஓரெழுத்தொருமொழியோடு இதனை இணைப்பதும் பொருந்தாது. பண்டைத் தமிழ் நூல்களில் இவ்விலைக்கு இடமில்லை. குவான்சௌவில் கோயில் எடுத்த தமிழர் அங்கே தேநீரைக் கண்டிருப்பர். சொல்லோ பின்னாளில், நாகப்பட்டினத்திலும் இலங்கையிலும் ஆண்ட ஒல்லாந்தர் வழியாகவோ மலாயின் வழியாகவோ வந்து தமிழ் இலையோடு புணர்ந்தது. வேற்றுச்சொல் தமிழ் விதிப்படி புணர்ந்தபின் அது வேற்றுச்சொல்லாகக் காதில் ஒலிப்பதில்லை.

தமிழகத்தில் 'டீ' என்பர். அது ஆங்கிலத்தைச் சுற்றிவந்த 'தே'. மலேசியத் தமிழரோ இன்றும் சுற்றாமல் 'தே' என்றே கேட்கின்றனர். தானா ராத்தா உணவங்காடியில் பாலில்லாத தேநீர் வேண்டுவோர் சொல்வது 'தே ஓ'. மலாய் எனக் கருதிச் சொல்லும் அந்த 'ஓ'வும் ஹொக்கியான் சொல்லே. கறுப்பு என்பது அதன் பொருள்.